வெளிநாட்டில் வாழும் நம்மவரும் தேகபுஷ்டிப் பொருள்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையில் வருஷந்தோறும் கல்வியைப் பற்றியும், விவாகச் செலவைக் குறைத்தலைப் பற்றியும், ஏழை மாணவர்க்கு உதவி செய்தலைப் பற்றியும் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். வெளிநாடு சென்று வாழும் நம் பிள்ளைகள், தேகப்பயிற்சியின் பொருட்டு அங்கே விலை கொடுத்து வாங்கி உட்கொள்ளும் பொடிகளையும் மாத்திரைகளையும் எவ்வாறு தெரிந்து வாங்குவது என்பதே அவ்விஷயம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. சரீரமாகிய சுவரில் பழுது புகுமாயின், சம்பாதித்த பொருளும், கற்ற கல்வியும், எடுத்த பெயரும் எங்கே எழுதப்படும்? ஆதலின் இவ்விஷயம் சிறிதன்று என்பதே நமது துணிபு.

முற்காலத்தில் கடல் கடந்து சென்ற நம் பெரியோர் பெட்டியில் ஊறுகாயும், பருப்புப் பொடியும், சுக்கும் திப்பிலியும் எடுத்துச் சென்றனர். இப்பொழுது சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், துபாயிலும், இங்கிலாந்திலும், கனடாவிலும், அமெரிக்காவிலும் வாழும் நம் வாலிபர், வேலை முடிந்ததும் ஜிம்முக்குச் செல்கின்றனர். அங்கே நண்பர் சொன்னதைக் கேட்டுப் புரோட்டீன் பவுடர் முதலியவற்றை வாங்குகின்றனர். ஊருக்குத் திரும்புங்கால் தம்பிக்கும் மைத்துனனுக்கும் இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். ஆகவே அங்கே ஒருவர் வாங்கும் சரக்கு இங்கே ஒரு குடும்பத்தின் வயிற்றில் சேருகிறது. இது தனிமனிதர் விஷயம் என்று விட்டுவிடத்தக்கதன்று.

தேகப்பயிற்சியை நாம் குறை கூறவில்லை. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, சிலம்பம் என்று உடம்பைப் பேணிய மரபில் வந்தவர்களே நாம். நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து ஊழியம் செய்யும் பிள்ளை மாலையில் எடை தூக்குவது போற்றத்தக்கதே. நம் கவலையெல்லாம், அப்பயிற்சியின் பெயரால் விற்கப்படும் சரக்கைப் பற்றியதேயாகும்.

அச்சரக்கு பெரும்பான்மையும் மூன்று வகைப்படும். முதலாவது, புரோட்டீன் பவுடர். பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் எஞ்சும் தெளிந்த நீரிலிருந்து செய்யப்படும் 'வே' என்னும் பொடியும், பட்டாணி, சோயா முதலியவற்றிலிருந்து செய்யப்படும் பொடியும் இதில் அடங்கும். இஃது உணவேயன்றி மருந்தன்று. இரண்டாவது, கிரியாட்டின். 1832-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு ரசாயன நிபுணர் ஷெவ்ரல் என்பார் மாமிசத்திலிருந்து பிரித்தறிந்த பொருள் இது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொண்டால் எடை தூக்குவோர்க்குப் பயன் உண்டென்று பல ஆராய்ச்சிகளால் விளங்கியிருக்கிறது. மூன்றாவது வகை, பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப்பொடியும், கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் மாத்திரையும், சில வாரங்களில் தசையைப் பெருக்குவதாகச் சொல்லும் குளிகையுமாகும். முதலிரு வகைகளிலும் பயனும் உண்டு, மோசமும் உண்டு. மூன்றாம் வகையிலோ மோசமே மிகுதி. இதனைப் பின்னர் விவரிப்போம்.

நம்மவர் பலரிடம் வேரூன்றியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைதல் வேண்டும். 'அமெரிக்காவில் விற்கும் சரக்கு. சர்க்கார் பார்க்காமல் விடுமா?' என்று பலரும் சொல்லுகிறார்கள். உண்மை வேறு. 1994-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டத்தின்படி, இவ்வகைக் கூட்டுணவுப் பொருள்கள் கடைக்கு வருமுன் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் அங்கீகாரத்தைப் பெறவேண்டுவதில்லை. சரக்கு சுத்தமாயிருக்கிறதென்பதற்குச் செய்பவரே பொறுப்பாளி. கேடு விளைந்தது வெளிப்பட்ட பின்னரே சர்க்கார் தலையிட்டுத் தடுக்கும். தொழிற்சாலை சுத்தமாயிருத்தல் வேண்டும், மூலப்பொருளைச் சோதித்தல் வேண்டும் என்ற விதிகள் 2007-ஆம் வருஷத்தில் ஏற்பட்டன. எனினும் ஒவ்வொரு டப்பாவையும் சர்க்கார் திறந்து பார்ப்பதில்லை. 'உணவு மருந்து நிர்வாகத்தாரால் அங்கீகரிக்கப்பட்டது' என்று புரோட்டீன் டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பின், அந்த வாசகமே சரக்கைச் சந்தேகிக்கப் போதிய காரணமாகும். 'பதிவு செய்யப்பட்ட தொழிற்சாலை' என்பதும் அங்கீகாரமன்று. கடையின் பெயரைப் பட்டியலில் எழுதுவது வேறு. கடையில் விற்கும் அரிசியைச் சோதிப்பது வேறு.

சிங்கப்பூரிலும் இதுவே நிலைமை. அங்கே கூட்டுணவு மாத்திரைகளைக் கடைக்குக் கொண்டுவருமுன் சுகாதார விஞ்ஞான ஆணையத்தின் அனுமதி தேவையில்லை, விற்பவரே பொறுப்பு. இங்கிலாந்திலும் இவை உணவாகவே கருதப்படுகின்றன. ஆகவே, ஒழுங்குக்குப் பெயர்போன தேசத்தில் வாங்கினோம் என்பது மாத்திரம் ஒரு காப்பாகாது.

இதனால் விளைந்த கேடுகள் கற்பனையல்ல. ஜெர்மனியில் கொலோன் நகரத்துச் சோதனைச்சாலையார், 13 தேசங்களில் 634 கூட்டுணவுப் பொருள்களை வாங்கிச் சோதித்து, 2004-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 94 பொருள்களில், அதாவது நூற்றுக்குப் பதினைந்து வீதம், லேபிளில் சொல்லப்படாத ஹார்மோன் சரக்குகள் கலந்திருந்தன. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரையில் கள்ள மருந்து கலந்தனவென்று சர்க்காரே கண்டுபிடித்த பொருள்கள் 776. அவற்றுட் பெரும்பாலானவை ஆண்மையைப் பெருக்குவன, உடம்பை இளைக்கச் செய்வன, தசையை வளர்ப்பன என்று சொல்லி விற்கப்பட்டவையேயாம். 2012-ஆம் வருஷத்தில் லண்டன் மாரத்தான் ஓட்டத்தில் ஓடிய 30 வயதுப் பெண்மணி ஒருவர், முடிவை நெருங்கும் சமயத்தில் விழுந்து உயிர் நீத்தார். அவர் பானத்தில் கலந்து குடித்த ஊக்கப்பொடியில் டி.எம்.ஏ.ஏ. என்னும் சரக்கு இருந்ததென்றும், கடும் உழைப்போடு அது சேர்ந்தது மரணத்திற்குக் காரணமாயிருக்கலாம் என்றும் விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. 2013-ஆம் வருஷத்தில் ஹவாய்த் தீவுகளில், கொழுப்பைக் கரைக்குமென்று விற்கப்பட்ட ஒரு பொருளை உட்கொண்டவர் பலருக்குக் கல்லீரல் கெட்டது. இவர்களெல்லாம் குடியரோ தீய வழியினரோ அல்லர். உடம்பைப் பேண விரும்பியவர்கள். அதுவே நம் மனத்தை உறுத்துகிறது.

நிற்க. உயிருக்குக் கேடு செய்யாமல் பணத்தை மாத்திரம் பறிக்கும் மோசமும் உண்டு. அதன் சூட்சுமத்தை நம் வாலிபர் அறிதல் நலம். ஓர் உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறதென்று அறியும் பழைய முறை, 1883-ஆம் வருஷத்தில் டென்மார்க்கு தேசத்து கெல்டால் என்பார் கண்டது. அம்முறை புரதத்தை நேரே எண்ணுவதில்லை. அப்பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அவ்வளவை 6.25-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆகையால் விலை மலிந்த, ஆனால் நைட்ரஜன் மிகுந்த, வேறொரு பொடியைக் கலந்துவிட்டால், சோதனைத் தாளில் புரதம் உயர்ந்து காட்டும். உடம்பில் அது சேராது. கிளைசின், டாரின் முதலிய மலிவான அமினோ சரக்குகளைப் புரோட்டீன் பவுடரில் கலப்பது இக்காரணம் பற்றியே. பாலில் தண்ணீரை விட்டு மாவைக் கலக்கும் வித்தையின் புதிய வடிவம் இது. 2008-ஆம் வருஷத்தில் சீன தேசத்தில் குழந்தைப் பால்மாவில் மெலமைன் என்னும் விஷத்தைக் கலந்ததும் இதே கணக்கை ஏய்ப்பதற்காகத்தான். அதனால் ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் மாண்டன. ஆதலின் லேபிளில் 'கிளைசின்', 'டாரின்' என்ற பெயர்கள் புரோட்டீன் பவுடரின் சேர்க்கைகளுள் காணப்படின், எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. 'எங்கள் சொந்தக் கலவை' என்று பெயரிட்டு, பத்துச் சரக்குகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றின் அளவையும் மறைக்கும் டப்பாவையும் கையால் தொடாமலிருப்பதே நன்று.

இவ்வளவு மோசங்களுக்கிடையே நல்ல சரக்கை எப்படி அறிவது? இதற்கு நம் வீட்டு வழக்கத்திலேயே விடை இருக்கிறது. பெண்ணுக்கு நகை வாங்கச் செல்லும் தாய், கடைக்காரர் சிரித்த முகத்தோடு 'சுத்தத் தங்கம்' என்று சொன்னதைக் கேட்டு மாத்திரம் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. உரைகல்லில் உரைத்துக் காட்டச் சொல்லுகிறாள். அவ்வுரைகல்லும் விற்பவர் கையில் இல்லாமல் மூன்றாமவர் கையில் இருக்கவேண்டும் என்று விரும்புகிறாள். இன்று இந்தியாவில் நகைக்கு ஹால்மார்க் முத்திரையும், 2021-ஆம் வருஷம் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தெண் கொண்ட தனிக்குறியும் ஏற்பட்டிருக்கின்றன. அக்குறியைக் கைபேசியில் இட்டு நாமே சரிபார்க்கலாம். தேகபுஷ்டிப் பொருளுக்கும் இதே நியாயந்தான் பொருந்தும். விற்பவர் அல்லாத ஒருவர் சோதித்தல் வேண்டும். அச்சோதனையை வாங்குபவர் தாமே சரிபார்க்கக் கூடியதாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத சரக்கு, உரைகல் காணாத தங்கம்.

அத்தகைய உரைகற்கள் சில உள. அமெரிக்காவில் 1944-ஆம் வருஷத்தில் தோன்றிய என்.எஸ்.எஃப். என்னும் ஸ்தாபனம், 'சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' என்னும் முத்திரையை அளிக்கிறது. லேபிளில் எழுதியது உள்ளே இருக்கிறதா, ஈயம் முதலிய விஷ உலோகங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா, விளையாட்டு வீரர்க்கு விலக்கப்பட்ட சரக்கு கலந்திருக்கிறதா என்று அது சோதிக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' என்னும் ஏற்பாடு, ஒவ்வொரு பேட்ச் சரக்கையும் விலக்கப்பட்ட பொருள்களுக்காகச் சோதித்த பின்னரே விற்பனைக்கு விடுகிறது. அதன் முத்திரை கள்ள மருந்து கலவாமைக்குச் சான்றேயன்றிப் புரத அளவிற்குச் சான்றன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1820-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட யு.எஸ்.பி. என்னும் மருந்து நியமச் சபையின் முத்திரை வைட்டமின் முதலிய மாத்திரைகளில் காணப்படும்.

ஆயினும் முத்திரையைக் கண்டவுடன் திருப்தியடைதல் கூடாது. அச்சு யந்திரம் உள்ளவர் எவரும் முத்திரையை அச்சிடலாம். டப்பாவின் அடியிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும் பேட்ச் நம்பரைக் குறித்துக்கொண்டு, முத்திரை அளித்த ஸ்தாபனத்தின் சொந்தப் பட்டியலில் அப்பொருளும் அந்நம்பரும் இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். டப்பாவின் மேலுள்ள சதுரக் குறியைக் கைபேசியால் படம் பிடித்தால் 'அசல் சரக்கு' என்று திரையில் தோன்றுவதைச் சிலர் நம்புகின்றனர். அக்குறி நம்மை அழைத்துச் செல்லும் இடம் போலிச் சரக்குக்காரர் அமைத்த இடமாகவும் இருக்கலாமன்றோ? ஆதலின் குறியைப் பின்தொடராமல், ஸ்தாபனத்தின் பெயரை நாமே தேடிச் சென்று பார்ப்பதுதான் முறை. ஐந்து நிமிஷ வேலை இது. ஐந்து நிமிஷம் செலவழிக்க மனமில்லாதவர் ஐம்பது டாலரைச் செலவழிப்பது விவேகமாகாது.

இனி, தேசவாரியாகச் சில வழிகளைச் சொல்லுவோம். கனடாவில் வாழ்வோர், 2004-ஆம் வருஷம் முதல் அமலில் உள்ள விதிப்படி, இயற்கை ஆரோக்கியப் பொருளாக விற்கப்படும் சரக்கின் மேல் எட்டு இலக்கம் கொண்ட என்.பி.என். எண்ணைத் தேடுக, அவ்வெண்ணை அந்நாட்டுச் சுகாதார இலாகாவின் பட்டியலில் சரிபார்க்கலாம். மலேசியாவில் மாத்திரை, கேப்ஸ்யூல் வடிவில் வரும் ஆரோக்கியப் பொருள்கள் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண்ணையும், ஒளியில் நிறம் மாறும் முத்திரைச் சீட்டையும் தாங்கியிருத்தல் வேண்டும். துபாயில் கூட்டுணவுப் பொருள்கள் அந்நகர முனிசிபாலிட்டியில் பதிவாகியிருத்தல் வேண்டும். 'மொன்தாஜி' என்னும் அதன் ஏற்பாட்டின் மூலம் பதிவைத் தெரிந்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் மருந்து வகையில் சேர்ந்த பொருள்களுக்கு 'ஆஸ்ட் எல்' என்ற எண் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தகைய சர்க்கார் எண் இல்லாமையால், மேற்கூறிய மூன்றாமவர் முத்திரையே நமக்கு உரைகல்.

எங்கே வாங்குவதென்பதும் எதை வாங்குவதென்பதைப் போலவே முக்கியம். செய்பவரின் சொந்தக் கடையிலோ, பெயர்பெற்ற மருந்துக்கடையிலோ, பெரிய பலசரக்குக் கடையிலோ வாங்குக. ஆன்லைன் சந்தையில் வாங்கினால், சந்தையின் பெயரைப் பார்த்தல் போதாது. அச்சந்தையில் விற்பவர் யார் என்ற சிறிய எழுத்து வரியையும் பார்த்தல் வேண்டும். ஒரே சந்தையில் ஆயிரம் பேர் கடை விரித்திருப்பர். பாதி விலைக்குக் கிடைக்கும் சரக்கில், காலாவதியானதும், வெயிலில் கிடந்ததும், பழைய டப்பாவில் புதிதாக அடைத்ததும் இருக்கலாம். அந்த வழியை நாமே அடைத்தல் வேண்டும்: தீர்ந்துபோன டப்பாவை அப்படியே எறியாமல் லேபிளைக் கிழித்து எறிக. மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகிதம் கிழிந்திருப்பின், டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுக. ஜிம்மில் பயிற்சி கற்பிப்பவர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சரக்கை, அவர் எவ்வளவு நல்லவராயினும், பணிவோடு மறுத்துவிடுக.

அன்பர்களே! இப்பொழுது சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். கசப்பான மருந்தென்று பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வெளிநாடுகளில் நம்மவர் ஒன்றுகூடும் பொங்கல் விழாவிலும், பிறந்தநாள் விருந்திலும், வாட்ஸ்அப் குழுவிலும், உறவின் பெயரால் இச்சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒருவர் சேர்ந்து பத்துப் பேரைச் சேர்த்தால் இவ்வளவு கமிஷன் என்னும் சங்கிலி வியாபாரத்தில் நம் பிள்ளைகளும் நம் பெண்மணிகளும் இழுக்கப்படுகின்றனர். 'சித்தப்பா சொன்னார், வாங்கினேன்' என்றும், 'நம்ம ஊர் அக்கா விற்கிறார், எப்படி மறுப்பது?' என்றும் சொல்லிப் பலர் வாங்குகின்றனர். விற்பவர் வேண்டுமென்றே வஞ்சிக்கிறார் என்று நாம் சொல்லவில்லை. அவரும் டப்பாவைத் திறந்து சோதித்தவரல்லர். அவருக்கு விற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுகிறார், அவ்வளவே. உறவு, பந்தியில் இலை போடுவதற்கும், துக்கத்தில் தோள் கொடுப்பதற்கும் உரியது. அஃது ஈயத்தையும் கள்ள மருந்தையும் கண்டுபிடிக்கும் கருவியன்று. நம்மவர் விற்கிறார் என்பது சரக்கின் சுத்தத்திற்குச் சான்றாகாது. ஒரு சமூகச் சங்கத்தின் மேடையில் நின்று இதைச் சொல்லாவிடில், வேறெங்கே சொல்லுவது? நம்மவரிடையேயுள்ள நம்பிக்கை பெரியோர் தேடி வைத்த முதல். அதனை ஒரு டப்பாவின் கமிஷனுக்காகச் செலவழித்துவிட்டால், நாளை உண்மையாகவே உதவி வேண்டுங்கால் அந்த முதல் நமக்கு இராது.

'அப்படியாயின் தாயகத்துச் சரக்கை வரவழைத்து உண்போம்' என்று சிலர் கருதலாம். அங்கும் உரைகல் வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள இந்தியச் சரக்குக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தமை 2004-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. இந்தியாவில் விற்கப்படும் 36 புரோட்டீன் பவுடர்களைக் கேரளத்து வைத்தியர் முதலானோர் ஆராய்ந்து 2024-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முடிவில், ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு பொருள்களில் லேபிளில் சொன்ன புரத அளவு உண்மைக்கு மாறாயிருந்தது. நாம் அமுக்கராவென்று அழைத்து அளவறிந்து உண்ட கிழங்கு, இன்று அசுவகந்தா என்ற பெயரால் சாரமாக்கப்பட்டு ஜிம் வாலிபர்க்கு விற்கப்படுகிறது. அதனைக் கூட்டுணவாக விற்பதை டென்மார்க்கு சர்க்கார் 2023-ஆம் வருஷத்தில் தடுத்துவிட்டனர். அதனை உண்டவர் சிலருக்குக் கல்லீரல் வீங்கிய செய்திகளும் வைத்திய ஏடுகளில் வந்துள்ளன. நம் நாட்டு மூலிகை என்ற அபிமானம் வேண்டியதே. எனினும் கிழங்கு வேறு, கிழங்கின் சாரத்தைப் பன்மடங்கு சுண்டவைத்த மாத்திரை வேறு.

ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்திற்குச் சரக்கை எடுத்துச் செல்வோர் மற்றொன்றையும் நினைக்கவேண்டும். நம் சமையலறையில் குழம்புக்கு அரைக்கும் கசகசாவைத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ எடுத்துச் சென்றால் சிறைவாசம் நேரிடக்கூடும் என்பதை நம் தாய்மார்கள் அறிவர். அதுபோலவே, அமெரிக்கக் கடைகளில் பகிரங்கமாக விற்கப்படும் சி.பி.டி. கலந்த எண்ணெயும் மிட்டாயும், இவ்விரு நாடுகளிலும் போதைப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டவை. உடல்வலி தீரும் என்று நண்பர் கொடுத்ததைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் இறங்குவது, பாம்பைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும். விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளும் பிள்ளைகள் இன்னும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். விலக்கப்பட்ட சரக்கு தம் உடம்பில் காணப்படின், 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே பூரண சமாதானமாகாது.

மாமிசம் புசியாத குடும்பத்தினர்க்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் டப்பாவின் மேல் காணும் பச்சைப் புள்ளியை வெளிநாட்டில் எதிர்பார்க்கலாகாது. கேப்ஸ்யூலின் மேலோடு பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பு, தோல்களிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினால் செய்யப்படும். 'கொல்லாஜென்' என்னும் பொடியும் பிராணிகளிடமிருந்து எடுக்கப்படுவதே. லேபிளில் தாவர மேலோடு என்று தெளிவாக எழுதியிருந்தாலன்றி வாங்கவேண்டாம். பொடியாக வாங்கிவிட்டால் மேலோட்டின் தொந்தரவே இல்லை.

நல்ல சரக்கே ஆயினும் யாவர்க்கும் ஏற்றதன்று. சிறுநீரக வியாதியுள்ளோர், கல்லீரல் வியாதியுள்ளோர், கருவுற்ற மாதர், நித்தியம் மாத்திரை சாப்பிடுவோர் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் எதையும் தொடலாகாது. நீரிழிவு நம் குடும்பங்களில் எவ்வளவு பரவியிருக்கிறதென்று நாம் சொல்லவேண்டுவதில்லை. அது சிறுநீரகத்தை ஓசையின்றிக் கெடுக்கும் என்பதையும் அறிவோம். ஆதலின் இரத்தத்தையும் நீரையும் ஒருமுறை சோதித்த பிறகு தொடங்குதல் உத்தமம். கிரியாட்டின் உண்போரின் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற அளவு, சிறுநீரகம் நன்றாயிருக்கும்போதே சற்று உயர்ந்து காட்டும். வைத்தியரிடம் முன்னதாகச் சொல்லாவிடில் அவர் வியாதியென்று கொள்ளக்கூடும். உண்பதை மறைப்பதில் ஒரு பெருமையுமில்லை. கண் மஞ்சளாதல், நீர் கறுத்துப்போதல், மார்பு படபடத்தல் முதலிய குறிகள் தோன்றின் டப்பாவை அன்றே நிறுத்தி, அதனையும் எடுத்துக்கொண்டே வைத்தியரிடம் செல்லுக.

முடிவாக, இவையனைத்தும் எவ்வளவுக்குத் தேவை என்ற கணக்கையும் பார்ப்போம். பயிற்சியில்லாத 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 48 கிராம் புரதம் போதும் என்பர். கடும்பயிற்சி செய்வோர்க்கு எடையில் கிலோ ஒன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்லுகின்றனர்; அப்படியாயின் குறைந்தபட்சம் 84 கிராம். 50 கிராம் துவரம்பருப்பில் 11, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் நிலக்கடலையில் 12, இரண்டு முட்டைகளில் 12, 200 கிராம் அரிசியில் 14 கிராம் புரதம் இருக்கிறது. இவற்றைக் கூட்டினாலே 65 ஆகிறது. தயிரும் சுண்டலும் சேர்ந்தால் இன்னும் உயரும்; மீனோ கோழியோ உண்பவர் எளிதில் எல்லையை எட்டுவர். ஆகவே பெரும்பாலோர்க்குக் குறைவது நாளொன்றுக்கு ஒரு கரண்டி பொடியளவே. பலருக்கு அதுவும் குறைவதில்லை. தனியே வாழும் பிள்ளை சமைக்கச் சோம்பி ரொட்டியும் காப்பியுமாகக் காலம் கழித்துவிட்டு, அக்குறையைத் தீர்க்க நூறு டாலர் டப்பாவை வாங்குவதைவிட, ஒரு குக்கரும் ஒரு படி பருப்பும் வாங்குவது மேல். உணவால் முடியாத மிச்சத்திற்கு, உரைகல் கண்ட புரோட்டீன் பவுடரோ கிரியாட்டினோ வாங்கினால் குற்றமில்லை. மூன்றாம் வகையாகச் சொன்ன ஊக்கப்பொடி, கரைக்கும் மாத்திரை, பெருக்கும் குளிகை ஆகியவற்றை அறவே விலக்குமாறு வற்புறுத்துகிறோம்.

இனிச் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். வெளிநாடுகளில் நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம், வைத்தியமோ மருந்துக்கலையோ கற்ற நம் பிள்ளைகள் இருவர், பேட்ச் நம்பரைச் சரிபார்க்கும் முறையை வருஷத்திற்கொருமுறை மற்றவர்க்குக் கற்பித்துக் காட்டட்டும். சங்கத்தின் விழாக்களிலும் குழுக்களிலும் உண்பொருள், மருந்துப்பொருள் விற்பனைக்கு இடந்தரலாகாதென்று ஒரு தீர்மானம் நிறைவேறட்டும். பெற்றோர் தம் பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைக்குங்கால், 'சாப்பிட்டாயா?' என்ற கேள்வியோடு 'என்ன சாப்பிட்டாய்? எதைப் பார்த்து வாங்கினாய்?' என்றும், பரிகாசமின்றி, கோபமின்றி, அன்போடு கேட்கட்டும். பரிகாசத்திற்கு அஞ்சும் பிள்ளை டப்பாவை மறைப்பான். அன்போடு கேட்டால் லேபிளைப் படித்துக் காட்டுவான்.

பொருள் தேடச் சென்ற நம் பிள்ளைகள் பொருளோடு தேக திடத்தையும் தேடிக்கொண்டு திரும்பவேண்டும் என்பதே நம் எல்லோருடைய பிரார்த்தனை. அவர்களுக்குச் சரீர சுகமும், சரக்கை உரைத்துப் பார்க்கும் நிதானமும் என்றும் நிலைத்திருக்குமாறு வாழ்த்துகிறோம்.